தோழிகளும் காதலும் ஒரே திரையில் வரும்போது

வல்லக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுச் சென்னைக்குப் போகும் வழியில், பெங்களூரு நெடுஞ்சாலையோரம் செம்பரம்பாக்கத்தில் ஈவிபி பிலிம் சிட்டி இருக்கிறது. 2017 ஜூன் 25 அன்று விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பிக் பாஸ்’ தமிழின் முதல் பருவத்துக்கான வீடு அங்கேதான் அமைக்கப்பட்டது. அந்த வீட்டுக்குள் நடிகை ஓவியா சக போட்டியாளர் ஒருவரைக் காதலிப்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அந்தப் போட்டியாளர் அதை ஏற்கவில்லை. வீட்டிலிருந்த பலரும் ஓவியாவை ஒதுக்கினார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் மனம் உடைந்து அவர் வெளியேறியபோது, தமிழ்நாட்டில் பல வீடுகள் அவருக்காக வருந்தின. ‘ஓவியா ஆர்மி’ என்று இளைஞர்கள் திரண்டார்கள். ஒரு பெண் தன் காதலைத் தானே சொன்னதற்காக அவர்கள் அவரை வெறுக்கவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, 2019 மார்ச் 1 அன்று, அனிதா உதீப் இயக்கிய ‘90 எம்எல்’ வெளிவந்தது. அதே ஓவியாதான் நாயகி. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஐந்து பெண்கள் தோழிகளாகிறார்கள், சேர்ந்து குடிக்கிறார்கள், தங்கள் காதலையும் தாம்பத்தியத்தையும் மறைக்காமல் பேசிக்கொள்கிறார்கள். படத்துக்குத் தணிக்கையில் ‘ஏ’ சான்றிதழ் கிடைத்தது. வெளியானதும் பெண்களைச் சீரழிக்கும் படம் என்று கண்டனங்கள் எழுந்தன. ஓவியா மீது நடவடிக்கை கேட்டுச் சென்னையில் போலீஸில் புகாரும் கொடுக்கப்பட்டது.

நடிகை மாறவில்லை, பார்த்தவர்களும் பெரும்பாலும் மாறவில்லை. பிறகு எது மாறியது? பெண்களின் நட்பையும் காதலையும் காட்டும் படைப்பு வந்தாலே பார்வையாளர்கள் இரு அணியாகப் பிரிவது ஏன் என்ற கேள்விக்கு இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் நடுவில்தான் விடை இருக்கிறது. தமிழில் இந்தப் பொருள் சின்னத்திரை, பெரிய திரை, இணையத் தொடர் என்று மூன்றிலும் பரவிக் கிடப்பதால் மூன்றையும் சேர்த்தே இந்தக் கட்டுரை பார்க்கிறது.

தோழி பேசிய மரபு

பெண்கள் தங்களுக்குள் காதலைப் பேசுவது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்பது எதிர்ப்பவர்கள் முதலில் சொல்லும் வாதம். நம் அகப்பாடல்களைப் படித்தவர்கள் இதை ஒப்ப முடியாது. அகத்திணையில் காதல் நடப்பதே தோழியால்தான். தலைவியின் மனத்தை முதலில் அறிகிறவள் அவள். தலைவனை எளிதில் நெருங்கவிடாமல் நாள் கடத்திச் சோதிக்கிறவள் அவள். இதைச் சேட்படை என்றார்கள். வந்து வந்து போகிறாயே, மணம் எப்போது என்று அவனிடம் நேருக்கு நேர் கேட்கிறவளும் அவள். இது வரைவு கடாதல். தலைவியை வீட்டுக்குள் அடைத்துவைக்கும்போது, ஊர் அலர் என்று பழி தூற்றும்போது, காதலனோடு ஊரைவிட்டுப் போகும் உடன்போக்குக்குத் துணிய வேண்டியிருக்கும்போது, எல்லாக் கட்டத்திலும் பக்கத்தில் நிற்கிறவள் தோழிதான்.

பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. கபிலர் பாடியது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சிறப்பை அறிவிக்க அவர் அதைப் பாடினார் என்று மரபு சொல்கிறது. அந்தப் பாட்டு முழுவதும் ஒரு தோழியின் பேச்சு. வீட்டார் அறியாமல் வளர்ந்த தலைவியின் களவுக் காதலைச் செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்லி, அவளுக்காக வாதாடுகிறாள். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் பெயர் வைத்தது. பெண்ணின் காதலுக்குத் தோழி துணை நிற்பதை நம் இலக்கணம் அறத்தின் பக்கம் வைத்திருக்கிறது.

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் இது அந்நியமான செய்தி அல்ல. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் அது. ஏழடி உயர முருகன் அங்கே வள்ளி தெய்வானையோடு நிற்கிறார். வள்ளியை அவர் மணந்தது களவு வழியில் என்பது கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரிந்த கதை. குறிஞ்சி நிலத்துக் கடவுளும் குறிஞ்சிப்பாட்டின் தோழியும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவர்கள்.

ஆகவே பொருள் புதிது என்பதால் எதிர்ப்பு வருகிறது என்று சொல்ல முடியாது. இன்றைய திரையில் தோழியின் இடம் என்ன ஆயிற்று என்று பார்த்தால்தான் சண்டையின் வேர் தெரியும்.

துன்பத்தில் சேர்ந்தவர்கள்

தமிழ்ப் பார்வையாளர்கள் பெண்களின் நட்பை வெறுப்பவர்கள் அல்லர். சான்றுகள் நிறைய உண்டு. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘மகளிர் மட்டும்’ 1994-ல் வந்தது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் வேறு வேறு சாதி, வேறு வேறு வருமானம் கொண்ட பெண்கள். ஆடைத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் அவர்கள், தொல்லை கொடுக்கும் மேலாளருக்கு எதிராகச் சேர்கிறார்கள். துப்புரவுப் பணி செய்யும் பெண்ணும் அலுவலக மேசையில் வேலை செய்யும் பெண்ணும் தோழிகளானதைக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்துச் சிரித்தார்கள். அதே தலைப்பில் 2017-ல் பிரம்மா இயக்கிய படத்தில், பல பத்தாண்டுகளுக்கு முன் பிரிந்த மூன்று பள்ளித் தோழிகள் மறுபடி சந்தித்துப் பயணம் போகிறார்கள். அதற்கும் எதிர்ப்பு வரவில்லை.

சின்னத்திரையில் இன்னும் வலுவான சான்று ‘எதிர்நீச்சல்’. திருச்செல்வம் இயக்கத்தில் 2022 பிப்ரவரி 7 முதல் 2024 ஜூன் 8 வரை சன் தொலைக்காட்சியில் ஓடியது. படித்த மருமகள்களை வீட்டுக்குள் முடக்கும் ஆதி குணசேகரன் என்ற மூத்த அண்ணனாக நடிகர் மாரிமுத்து நடித்தார். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் மறைந்தபோது ஊரே அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் துக்கம் கேட்டது. தொடரின் உயிர் ஜனனி, ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா என்ற நான்கு ஓரகத்திகளின் ஒற்றுமை. மாமியார் மருமகள் பகையும் நாத்தனார் சூழ்ச்சியும் கொண்டு நகர்ந்த தமிழ்த் தொடர்களுக்கு நடுவே, ஒரு சமையலறையில் நான்கு பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்பதை மக்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விரும்பிப் பார்த்தார்கள். 2024 டிசம்பரில் அதன் தொடர்ச்சியும் வந்தது.

இவற்றில் பொதுவாக இரண்டு செய்திகள் உண்டு. இந்தப் பெண்களைச் சேர்த்து வைப்பது துன்பம், அல்லது பழைய துன்பத்தின் நினைவு. இவர்களுடைய நட்பில் காதல் பேச்சுக்குப் பெரிய இடம் இல்லை.

தனியே நின்று காதலித்தவர்கள்

காதலிக்கும் பெண்ணையும் தமிழ்த் திரை ஏற்றிருக்கிறது. ஆனால் அவள் தனியாக நின்றாக வேண்டும். 1974-ல் கே.பாலசந்தர் எடுத்த ‘அவள் ஒரு தொடர்கதை’யில் குடும்பத்துக்காக உழைத்துத் தன் காதலை விட்டுக்கொடுக்கும் கவிதாவை மக்கள் கொண்டாடினார்கள். அந்தப் படத்தில் கவிதாவுக்கு ஒரு தோழி உண்டு. ஆண்களோடு சகஜமாகப் பழகுகிறவள். அந்தப் பாத்திரத்தால்தான் ஜெயலட்சுமிக்கு ‘ஃபடாபட்’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. பொறுப்பைச் சுமக்கும் நாயகியும் விருப்பப்படி வாழும் தோழியும் ஒரே படத்தில் இருந்தாலும், தோழிக்குக் கதை பரிசாகக் கொடுத்தது கசப்பான பாடம்தான்.

1978 தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ இன்னொரு படி மேலே போனது. மஞ்சு தன் பழைய காதல்களைத் தயங்காமல் சொல்கிறாள். வந்தபோது படம் ஓடவில்லை. பின்னாளில் தமிழின் சிறந்த படங்களில் ஒன்றாக ஏற்கப்பட்டது. மஞ்சுவும் ஒற்றை ஆள்தான். சாய்ந்துகொள்ளத் தோள் இல்லாதவள் என்பதே அவள் மீதான நம் பரிவுக்குக் காரணம்.

‘பிக் பாஸ்’ வீட்டில் ஓவியாவுக்குக் கிடைத்ததும் இதே பரிவு. அவர் காதலித்தார், மறுக்கப்பட்டார், தனிமைப்பட்டார். காதலித்த பெண் அழுதால், தங்கள் வயிற்றில் பிறந்த மகளைப் போல நம்மவர்கள் அவளைத் தாங்குவார்கள்.

மகிழ்ச்சிக்காகச் சேர்ந்தவர்கள்

இப்போது ‘90 எம்எல்’ படத்துக்கு வருவோம். இங்கே பெண்கள் கூடுவது கொடியவன் ஒருவனை எதிர்க்க அல்ல, மகிழ்ச்சிக்காக. காதலைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச்சின் முடிவில் யாரும் தண்டிக்கப்படவில்லை. நட்பும் காதலும் ஒரே அறைக்குள் வந்தவுடன் பார்வையாளர்கள் பிரிந்தார்கள்.

வர்ஷா பரத் இயக்கி வெற்றிமாறன் தயாரித்த ‘பேட் கேர்ள்’ படத்துக்கும் இதுதான் நேர்ந்தது. 2025 ஜனவரியில் டீசர் வந்தது. பள்ளிப் பருவத்திலிருந்து தன் விருப்பப்படி வாழ ஏங்கும் ரம்யா என்ற பெண்ணின் கதை. பிராமணப் பெண்ணை இப்படிக் காட்டலாமா என்று ஒரு பக்கம் எதிர்ப்பு; சிறுவயதினரைக் காட்டிய விதம் பற்றி இன்னொரு பக்கம் வழக்கு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2025 ஜூலையில் டீசரை இணையத்திலிருந்து நீக்க உத்தரவிட்டது. அதற்கு முன்பே ராட்டர்டாம் திரைப்பட விழாவில் படம் நெட்பேக் விருது பெற்றிருந்தது. செப்டம்பர் 5 அன்று திரைக்கு வந்தபோது, தாயும் மகளும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் படும் பாடுதான் படத்தின் சாரம் என்று பார்த்தவர்கள் பலர் சொன்னார்கள். டீசரை வைத்துச் சண்டையிட்டவர்களுக்கு அந்தச் சாரம் எட்டவில்லை.

இந்தியாவின் பிற இடங்களிலும் இதே வரலாறுதான். ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’ படத்துக்கு 2017 ஜனவரியில் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. கதை பெண்களை மையமாகக் கொண்டது, அவர்களுடைய கற்பனைகளைப் பேசுவது என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மேல்முறையீட்டுக்குப் பிறகு அந்த ஜூலையில் படம் வெளிவந்தது. 2018-ல் ‘வீரே தி வெட்டிங்’, 2019-ல் நான்கு மும்பைத் தோழிகளின் கதையான ‘ஃபோர் மோர் ஷாட்ஸ் ப்ளீஸ்’ தொடர் என்று ஒவ்வொன்றும் அணி பிரித்தது. பின்னது சர்வதேச எம்மி விருதுக்கு 2020-ல் பரிந்துரைக்கப்பட்டது. அதே நேரத்தில் மேல்தட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்ற விமர்சனத்தையும் பெற்றது.

இந்த வகைத் தொடர்களுக்கெல்லாம் முன்னோடி 1998 முதல் 2004 வரை அமெரிக்காவின் எச்பிஓ-வில் 94 பகுதிகள் ஓடிய ‘செக்ஸ் அண்ட் தி சிட்டி’. நியூயார்க்கின் நான்கு தோழிகள் உணவு மேசையில் அமர்ந்து தங்கள் காதலர்களை எடை போடுவதுதான் அதன் அடிப்படைக் காட்சி. அந்த நாட்டிலும் அது மக்களைப் பிரித்தது. விடுதலையைக் காட்டுகிறது என்றார்கள் சிலர்; வெள்ளையினப் பணக்காரப் பெண்களின் கடைவீதி வாழ்க்கை என்றார்கள் சிலர்.

உணவு மேசையில் நடக்கும் அந்த எடை போடுதலைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண் தனியாகக் காதலிக்கும்போது அவள் ஆணின் முடிவுக்காகக் காத்திருக்கிறாள். தோழிகள் கூடிப் பேசும்போது ஆண் அவர்கள் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியவன் ஆகிறான். அகப்பாடலின் தோழி சேட்படுத்தியதும் வரைவு கடாவியதும் இதே வேலைதான். அன்று அதை இலக்கணமாக ஏற்றவர்களின் வழிவந்த நாம், இன்று திரையில் கண்டால் துணுக்குறுகிறோம்.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் ஒரே அணி அல்லர்

ஆதரிப்போர், எதிர்ப்போர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் உண்மை பிடிபடாது. எதிர்ப்புக்குள் குறைந்தது நான்கு குரல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, சாதி மானத்தின் குரல். பெண் யாரோடு பழகுகிறாள் என்பதைக் கண்காணிப்பதில்தான் சாதியின் காவல் இருக்கிறது. தருமபுரி, திருச்செங்கோடு, உடுமலைப்பேட்டை என்று நீண்டு, 2025 ஜூலையில் பாளையங்கோட்டை வரை வந்த, சாதி தாண்டிய காதலுக்கு நேர்ந்த கொடுமைகளை நாம் மறக்கவில்லை. பெண்ணின் தோழி இந்தக் காவலுக்குப் பெரிய இடையூறு. கடிதம் கொண்டுபோகிறவளும் போனைக் கொடுத்து உதவுகிறவளும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவளும் அவளே. ‘கூடா நட்பு’ என்று வீடுகள் முதலில் வெட்டிவிடுவது அந்தத் தோழியைத்தான். இந்தக் குரலோடு சமரசம் செய்யத் தேவையில்லை. அது பண்பாட்டின் குரல் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாலும் ஏற்கக் கூடாது.

இரண்டாவது, தாயின் அச்சம். இதை முதல் குரலோடு சேர்த்துத் திட்டுவது பெரிய அநியாயம். ‘90 எம்எல்’ வெளியான அதே வாரங்களில்தான் பொள்ளாச்சிக் கொடுமை வெளியே வந்தது. நட்பு என்று பழகி, நம்பவைத்து, படம் பிடித்து மிரட்டிய கும்பலைப் பற்றிய செய்தி ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருந்தது. ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2025 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மார்ச் மாதத்தில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு, ஆண்களோடு பழகுவதைக் கொண்டாட்டமாகக் காட்டும் படம் எரிச்சல் ஊட்டியதில் வியப்பில்லை. அவள் கேட்பது, ஆபத்து வந்தால் என் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. நல்ல படைப்பு அதற்குத் தோழி இருக்கிறாள் என்று பதில் சொல்ல வேண்டும். பொள்ளாச்சியில் நெடுநாள் நிலவிய மௌனத்துக்குக் காரணம், நேர்ந்ததை வெளியே சொன்னால் பழி தங்கள் மீதே விழும் என்று பெண்கள் பயந்ததுதான். காதலைத் தோழியிடம் பேச முடிகிற பெண், மிரட்டலையும் அவளிடம் பேச முடியும்.

மூன்றாவது, வர்க்கத்தின் குரல். இந்தத் தொடர்களில் வரும் பெண்களுக்கு வாடகைக் கவலை கிடையாது. வேலைக்குப் போகாமல் எந்த நாளும் ஊர் சுற்ற முடியும். காதல் முறிந்தால் அழுதுவிட்டு அடுத்த காதலுக்குப் போக முடியும். மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் பெண் இதைப் பார்த்து, இது என் கதையல்ல என்று ஒதுக்கினால் அவளைப் பழமைவாதி என்று சொல்வது முறையா? காதலுக்கு எல்லாரும் ஒரே விலை கொடுப்பதில்லை. வசதியான வீட்டுப் பெண் கொடுக்கும் விலை மனவருத்தம். ஏழை வீட்டுப் பெண் வேலையை, படிப்பை, சில வேளைகளில் உயிரையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, கலையின் குரல். நட்பு என்று பெயர் சொல்லிவிட்டு, தோழிகளை ஆண்களைப் பற்றி மட்டும் பேசவைக்கும் எழுத்தைப் பற்றிய குறை இது. இரண்டு பெண்கள் ஆணைத் தவிர வேறு எதையாவது பேசுகிறார்களா என்ற எளிய சோதனையை 1985-ல் அமெரிக்கச் சித்திரக்கதை எழுத்தாளர் அலிசன் பெக்டல் தன் படைப்பில் முன்வைத்தார். நம் தொடர்கள் பலவும் அதில் தேறா. கோப்பையைக் கையில் கொடுத்தால் விடுதலை, சிகரெட்டைக் கொடுத்தால் துணிச்சல் என்று எழுதுவது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனமே எதிர்ப்பவர்களுக்கு ஆயுதமாகிவிடுகிறது.

ஆதரிப்பவர்களின் வாதம் இந்த நான்கையும் தாண்டி நிற்கிறது. ஆண்களின் நட்பையும் குடியையும் காதல் தோல்வியையும் தமிழ்த் திரை பத்தாண்டுக் கணக்கில் பாட்டும் கூத்துமாகக் கொண்டாடியிருக்கிறது. அதற்காக எந்த நடிகர் மீது நடவடிக்கை கேட்டு யார் போலீஸுக்குப் போனார்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். இதற்கு எதிர்த்தரப்பில் இன்றுவரை நேர்மையான பதில் இல்லை.

கூடத்துத் திரையும் கைத்திரையும்

பார்வையாளர் பிரிவதற்கு எங்கே, யாரோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதும் காரணம். தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. குடிசை வீட்டுக் கூடத்திலும் பெட்டி வந்தது. கூடத்தில் அப்பாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். மகள் தனியே சிரித்து ரசிக்கும் காட்சியில், அப்பா பக்கத்தில் இருந்தால் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். அவளுக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது.

தொலைக்காட்சியின் வருமானமும் குடும்பம் கூடிப் பார்ப்பதை நம்பியே இருக்கிறது. கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் நிகழ்ச்சி விதிகளும் அந்தக் கூடத்தையே மனத்தில் கொண்டவை. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. ஆகவே பெண்கள் காதலைப் பேசும் கதைகள் சின்னத்திரையிலிருந்து விலகி, 2016-க்குப் பிறகு மலிந்த இணையத்தைப் பிடித்துக்கொண்டு செல்போனுக்குப் போயின. இணையத் தளங்களுக்கு 2021-ல் வந்த விதிகள், வயதுவாரியாகத் தாங்களே வகைப்படுத்திக்கொள்ளும்படி விட்டன.

இதன் விளைவை யாரும் போதிய அளவு பேசவில்லை. கட்டணம் கட்டிப் பார்க்கும் தளத்துக்கு எழுதுகிறவர்கள், கட்டணம் கட்டக்கூடியவர்களின் வாழ்க்கையை எழுதினார்கள். கூடத்துத் தொலைக்காட்சியிடம் கஷ்டப்படும் மருமகள் தங்கினாள். கைத்திரையிடம் காதலிக்கும் பணக்காரத் தோழிகள் போய்ச் சேர்ந்தார்கள். வேலைக்குப் போய், நட்பும் காதலும் கொண்டு வாழும் சாதாரணப் பெண் இரண்டு திரையிலும் இல்லாமல் போனாள். வர்க்கத்தின் குரல் எழுப்பும் குறை உண்மையாவது இப்படித்தான்.

ஆறு கட்டில் போட்ட அறைகள்

அந்தச் சாதாரணப் பெண் எங்கே இருக்கிறாள்? வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். வல்லம் வடகால் சிப்காட்டில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றும் பத்து மாடி, ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். மொத்தம் 18,720 பெண்கள் தங்கலாம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வட மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வரும் இளம்பெண்கள் இந்தத் தொழில் வட்டாரத்தில் ஷிப்டு பஸ் ஏறுகிறார்கள். பாக்ஸ்கானின் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் புலனாய்வுச் செய்தி வெளியிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரே வட்டாரத்தில், பெரும்பாலும் மணமாகாத, இருபதுகளில் இருக்கும், சொந்தமாகச் சம்பாதிக்கும் இத்தனை பெண்கள் வீட்டுக்கு வெளியே சேர்ந்து வாழ்வது தமிழ் வரலாற்றில் பழக்கமான காட்சி அல்ல.

இவர்களுடைய நட்பின் வலிமையை ஊர் ஒருமுறை நேரில் பார்த்தது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியின் உணவு ஒவ்வாமல் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அறைத் தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. 17-ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். எங்கள் தோழிகள் எங்கே என்று கேட்டார்கள். விடுதிகளின் நிலை பரவலாக விவாதத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

துன்பத்தில் சேர்ந்த அந்தப் பெண்களுக்கு நாடே அனுதாபப்பட்டது. அதே பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வெளியே போனால், ஒருத்தியின் போன் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் கிண்டல் செய்து சிரித்தால், வேலை முடிந்த இரவில் அவன் நல்லவனா என்று ஐந்து பேர் உட்கார்ந்து ஆராய்ந்தால், ஊர் வேறு கண்ணால் பார்க்கிறது. ‘கம்பெனிப் பொண்ணு’ என்ற சொல்லில் சில வாய்கள் ஏற்றும் தொனியே இதற்குச் சாட்சி. திரையில் பார்வையாளரைப் பிரிக்கும் அதே கோடு தெருவிலும் ஓடுகிறது. இந்தச் சண்டையில் உண்மையில் அடிபடுகிறவர்கள் மும்பைத் தோழிகளாக நடிப்பவர்கள் அல்லர். ‘விடுதிக்குப் போனால் பெண் கெட்டுவிடுவாள்’ என்று திருவண்ணாமலைப் பக்கத்து வீட்டில் ஒரு திண்ணைப் பேச்சு ஜெயித்தால், ஒரு பெண்ணின் சம்பளம் நின்றுவிடுகிறது.

இந்த வாழ்க்கையைச் சொல்ல முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-லேயே ரங்கநாதன் தெருக் கடைப் பணியாளர்களின் விடுதியையும் காதலையும் ஒன்றாகக் காட்டியது. 2023-ல் வந்த ‘மாடர்ன் லவ் சென்னை’யின் முதல் கதையில் ராஜுமுருகன் காதலை வடசென்னைக்குக் கொண்டுபோனார். பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமாஜின் அஸ் லைட்’ 2024-ல் கான் விழாவில் கிராண்ட் பிரீ பரிசு பெற்றது. மும்பையில் ஒரே வீட்டில் தங்கும் இரண்டு மலையாளி நர்சுகளும், குடியிருந்த வீட்டை இழக்கும் ஒரு சமையல்காரப் பெண்ணும் அதன் மையம். இளைய நர்சு முஸ்லிம் இளைஞனைக் காதலிக்கிறாள். மூத்தவள் முதலில் முகம் சுளித்து, மெல்ல மெல்ல அவளுக்குத் துணையாகிறாள். வேலை, வாடகை, மதம், காதல், நட்பு எல்லாம் ஒரே கதையில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. அந்தப் படத்தையும் ஒரு காட்சித் துண்டாக வெட்டிப் பரப்பி நடிகையை இழிவுபடுத்தியவர்கள் இருந்தார்கள். ஆனால் முழுப்படத்தையும் பார்த்தவர்கள் நெஞ்சில் நின்றது அந்த மூன்று பெண்களின் நட்புதான்.

முடிவாக

இதுவரை பார்த்தவற்றிலிருந்து மூன்று முடிவுகளைச் சொல்லலாம்.

பார்வையாளர் பிரிவது பெண்களின் நட்பாலும் அல்ல, காதலாலும் அல்ல. துன்பப்படாத நட்பும் தண்டனை பெறாத காதலும் ஒன்றாக வரும்போதுதான் பிரிகிறார்கள். தோழிகளின் பேச்சில் ஆண் எடை போடப்படுவதே அந்தப் பிளவின் மையம்.

எதிர்ப்பு முழுவதையும் பழமைவாதம் என்று தள்ளுவது தவறு. சாதி மானத்தின் குரலை எதிர்த்தே தீர வேண்டும். தாயின் அச்சத்துக்கும் ஏழைப் பெண்ணின் விலகலுக்கும் படைப்பாளிகள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அந்தப் பதில் மேடைப் பேச்சாக வந்தால் போதாது, கதையாக வர வேண்டும். தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனங்களையும் எழுத்தாளர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: சமையலறையில் அழும் மருமகளை விட்டும், மதுக்கூடத்தில் சிரிக்கும் பணக்காரத் தோழிகளை விட்டும் வெளியே வாருங்கள். ஷிப்டு முடிந்து வரும் பெண்களிடம் போய்க் கேளுங்கள். சம்பளத்தையும் சாதியையும் காதலையும் அவர்கள் எப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதை இரவு எட்டு மணிக்குக் கூடத்துத் தொலைக்காட்சியில் போடுங்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து பார்க்கட்டும். அன்றைக்கும் சண்டை வரும். ஆனால் அது நம் பெண்களைப் பற்றி, நம் வீட்டுக்குள், அவர்களும் வாய் திறந்து பேசும் சண்டையாக இருக்கும்.